இடம் தெரியாது

செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1986 பிப்ரவரியில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் அதிலாபாத் மாவட்டத்தில், 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு விலங்கின் மேல்தாடைத் துண்டைத் தரையிலிருந்து எடுத்து என் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, அந்தத் துண்டுக்கு ஓர் ஊரையும் ஒரு பாறை அடுக்கையும் நானாகவே எழுதி வைத்தேன். அதை நம்பி என் மாணவி தன் ஆய்வேட்டில் இரண்டு பக்கம் எழுதினார். வழிகாட்டி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பணம் எதுவும் கைமாறவில்லை. யாருக்கும் காயமில்லை. கேட்பவர்கள் ‘இதுதானா?’ என்று சொல்லக்கூடும். இத்தனை ஆண்டுகளாக நானும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். அது ஏன் சிறிய விஷயமில்லை என்று சொல்ல, அந்த விலங்கைப் பற்றியும் அந்த மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அந்த விலங்கின் பெயர் பாராசூக்கஸ் என்று நான் எழுதி வைத்தேன். பாராசூக்கஸ் என்றால் முதலைக்கு அருகிலிருப்பது என்று பொருள். ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1870இல் வைத்த பெயர். அதன் எலும்புக்கூட்டைப் பார்க்கும் எவரும் முதலை என்றுதான் சொல்வார்கள். நீண்டு ஒடுங்கிய மூஞ்சி, விளிம்பு முழுக்கப் பல்வரிசை, முதுகில் எலும்புத் தகடுகள், குட்டைக் கால்கள், கனத்த வால். சம்பல் ஆற்றில் இன்றும் வாழும் கரியால் முதலையைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் உடனே மனதில் வந்துவிடும்.

ஆனால் அது முதலையல்ல, முதலையின் மூதாதையும் அல்ல. முதலைக்கு மூக்குத்துளை மூஞ்சியின் நுனியில் இருக்கிறது. பாராசூக்கஸுக்கு அது நுனியிலிருந்து வெகுதூரம் பின்னால், கண்களை நோக்கி ஒதுங்கி, தலையின் மேற்புறத்தில் இருக்கிறது. முதலையின் வாய்க்குள் எலும்பாலான இரண்டாவது அண்ணம் ஒன்று உண்டு. நுனியில் இழுத்த மூச்சு அதன் மேலாகத் தொண்டைவரை போகும். அதனால்தான் வாயில் தண்ணீர் நிறைந்திருக்கும்போதும் முதலையால் மூச்சுவிட முடிகிறது. பாராசூக்கஸுக்கு அப்படி ஒரு முழு அண்ணம் கிடையாது. துளையையே பின்னால் கொண்டுபோய் வைத்து அதே சிக்கலை அது வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. ஆற்றில் பதுங்கி இரை பிடிக்கும் வாழ்க்கை, தனித்தனியான இரண்டு குலங்களைத் தனித்தனிக் காலங்களில் ஒரே வார்ப்பில் ஊற்றியிருக்கிறது. முதலைக் குலம் இன்றும் இருக்கிறது. பாராசூக்கஸ் சேர்ந்த ஃபைட்டோசார் குலம், டிரையாசிக் காலம் முடிந்தபோது, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், வாரிசே இல்லாமல் அழிந்துபோனது.

அந்தக் குலத்தின் எலும்புகள் இந்தியாவில் கிடைக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கு. சென்னையிலிருந்து தில்லிக்குப் போகும் ரயில் வாரங்கலைத் தாண்டி, மஞ்சிரியால், பெல்லம்பள்ளி என்று நிலக்கரி ஊர்களைக் கடக்கும்போது, அந்த மண்ணுக்குப் பக்கத்தில்தான் போகிறது. நாங்கள் எட்டு எம்.எஸ்சி. மாணவர்களும் ஒரு பேராசிரியரும் அந்த ரயிலில்தான் போய் இறங்கினோம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட அறையில் படுக்கை. காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு நடப்போம்.

மலேரி என்ற சிற்றூரின் பெயரால் அழைக்கப்படும் அந்தப் பாறை அடுக்கு, பெரும்பாலும் செங்களிமண். பழைய ஆறுகளின் வெள்ளச் சமவெளியில் படிந்தது. நடுநடுவே மணற்கல்லும், சுண்ணாம்புக் குருணைகள் இறுகிய பட்டைகளும் வரும். மழைநீர் அந்தக் களிமண்ணை அறுத்து அறுத்து ஆளுயர ஓடைகளாக்கியிருக்கும். ஒவ்வொரு மழையும் ஓடையின் சுவரிலிருந்து எதையாவது வெளியே தள்ளிவிடும். மட்டி ஓடு, நுரையீரல் மீனின் பல்தட்டு, கல்லாகிப்போன சாணம், எப்போதாவது எலும்பு.

எங்கள் பேராசிரியர் முதல் நாளே ஒரு விதியைச் சொன்னார். “எலும்பைத் தொடறதுக்கு முன்னாடி பென்சிலைத் தொடணும்.” எலும்பு கண்ணில் பட்டால் நின்றுவிட வேண்டும். சுற்றிலும் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். டோபோஷீட் என்ற நிலவரைபடத்தில் இடத்தைப் புள்ளியிட வேண்டும். எந்தப் பட்டைக்கு மேலே, எந்தப் பட்டைக்குக் கீழே என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகுதான் எடுக்கலாம். எடுத்த பிறகு இண்டியன் இங்க்கில் எலும்பின் மேலேயே எண். அதே எண் நோட்டிலும். அவரைக் கேட்டால், எலும்பு பாதி, இடம் பாதி.

நான்கு நாட்கள் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்தது. ஐந்தாம் நாள் காலை என் அறைத் தோழனுக்கு ஒரு முதுகெலும்புக் கண்ணி கிடைத்தது. பேராசிரியர் அவன் தோளில் கை வைத்து, அவன் பெயரைச் சொல்லி, அதைத் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டார். அன்று முழுவதும் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மாலையில் திரும்பும்போது நான் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். குறுக்கு வழி என்று ஓர் ஓடைக்குள் இறங்கினேன். அதன் வளைவில், சரிந்த களிமண்ணின் மேல் அது கிடந்தது. என் நடுவிரல் நீளம். ஒரு பக்கம் உடைந்த முகம். இன்னொரு பக்கம் வரிசையாக ஐந்து பற்குழிகள். பல் ஒன்றுகூட இல்லை. குழிகளில் செம்மண் இறுகிக் கிடந்தது. தாடை என்று பார்த்ததுமே தெரிந்தது.

இந்த இடத்தில்தான் பல ஆண்டுகள் எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், டோபோஷீட் வேறொருவனிடம் இருந்தது என்று. மூன்றும் உண்மை. மூன்றும் காரணமல்ல. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார்கள். ஒரு கல்லை நட்டு அடையாளம் வைத்துவிட்டு மறுநாள் வந்திருக்கலாம். நான் கூப்பிடாததற்குக் காரணம், கூப்பிட்டால் அது எனதாக இருக்காது என்பதுதான். எண் போட்டு, காகிதத்தில் சுற்றி, மரப்பெட்டிக்குள் போய்விடும். காலையில் அவனுக்குக் கிடைத்த தோள்தட்டல் எனக்கும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஐந்து நாள் வெறுங்கையோடு நடந்தவனுக்குத் தோள்தட்டல் போதவில்லை. எனக்கு அந்தப் பொருளே வேண்டியிருந்தது. கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று இரவு லாந்தர் வெளிச்சத்தில் பேராசிரியர் எல்லோருடைய நோட்டையும் பார்த்தார். என் பக்கம் வெறுமையாக இருந்தது. “பரவாயில்ல தம்பி, நாளைக்குக் கிடைக்கும்” என்றார். பேண்ட் பையில் அது தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன்.

நான் பையில் போட்டது எதை என்று அன்று எனக்குப் புரியவில்லை. அந்த விலங்கின் பெயர் பட்ட பாட்டைப் பின்னாளில் படித்தபோதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் லைடெக்கர் 1885இல் மலேரிப் பகுதி எலும்புத் துண்டுகள் சிலவற்றைச் சேர்த்து வைத்து, பாராசூக்கஸ் ஹிஸ்லோபி என்று இனப் பெயர் சூட்டி விவரித்தார். நாக்பூரில் மதப்பணியோடு மண்ணியலும் செய்த ஸ்டீபன் ஹிஸ்லாப் நினைவாக அந்தப் பெயர். ஆனால் லைடெக்கர் ஒரே விலங்கினது என்று நினைத்த துண்டுகளில் இரண்டு விலங்குகள் இருந்தன. மண்டையோட்டின் அடிப்பகுதி, அலகு போன்ற வாயுடைய ரிங்கோசார் என்ற தாவர உண்ணிக்குச் சொந்தமானது என்று பிறகு தெரிந்தது. மிஞ்சிய மூஞ்சித் துண்டு மட்டும்தான் ஃபைட்டோசார். 1978இல் தொல்லுயிரியலாளர் சங்கர் சட்டர்ஜி அந்த மூஞ்சித் துண்டையே பெயருக்கு உரிய மாதிரியாகத் தேர்ந்தார். அதிலும் சிக்கல் வந்தது. மூஞ்சியின் முன்பகுதி எல்லா ஃபைட்டோசார்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். மூக்குத்துளையும் அதன் பின்னாலுள்ள திறப்புகளும் எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். அந்தப் பகுதி இல்லாத துண்டை வைத்துக்கொண்டு இது இன்ன இனம் என்று அறுதியிட முடியாது என்று மற்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடைசியில் விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையத்திடம் முறையிட்டு, 2003இல்தான் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் உள்ள முழு எலும்புக்கூடு ஒன்று அந்தப் பெயருக்கு உரிய மாதிரியாக ஏற்கப்பட்டது. 1885இலிருந்து 2003வரை கணக்குப் போட்டால் 118 ஆண்டுகள். சில துண்டுகள் மாறிச் சேர்ந்ததற்கும், ஒரு துண்டு போதுமான அளவு பேசாததற்கும் ஆன காலம் அது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே மண்ணில் நடந்திருக்கிறது. சட்டர்ஜி விவரித்தவற்றில் ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடுகள் இரண்டு இருந்தன. விலங்குகள் விழுந்து கிடந்த வாக்கிலேயே அவை கிடைத்தன. அவசரப்படாமல் எடுத்ததால், வயிறு இருந்திருக்கக்கூடிய இடத்தில் வேறு ஒரு சிறிய ஊர்வன விலங்கின் எலும்புகள் இருப்பது தெரிந்தது. பாராசூக்கஸ் கடைசியாக உண்ட இரை என்று அவர் அதைக் கண்டார். அதுவரை அறிவியல் அறிந்திராத விலங்கு அது. 1980இல் அதற்கு மலேரிசாரஸ் ராபின்சனே என்று பெயர் வைத்தார். கொல்கத்தாவுக்கு வந்து இந்தப் பள்ளத்தாக்கு ஆய்வுகளுக்கு அடித்தளம் போட்ட பமீலா ராபின்சனைச் சிறப்பிக்கும் விதமாக. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு விலங்கு எதைத் தின்றது என்று இன்று ஒரு பள்ளிப்பிள்ளையால் படிக்க முடிகிறது. எந்த எலும்பு எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை யாரும் கலைக்காமல் விட்டதால் வந்த அறிவு அது. அங்கே என்னைப்போல் ஒருவன் முதலில் போயிருந்தால், ஓர் அழகான விலா எலும்பு யாருடைய வீட்டு அலமாரியிலோ இருந்திருக்கும்.

1994இல் நான் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். துறையின் சிறு அருங்காட்சியகத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. கண்ணாடி அலமாரிகளில் பாதி காலியாக இருந்தது. மனம் உறுத்தியதாலா, பெருமைக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, வீட்டிலிருந்த தாடைத் துண்டைக் கொண்டுவந்து வைத்தேன். அதற்கு முன் அதை அழகுபடுத்த நினைத்து, தையல் ஊசியால் இரண்டு பற்குழிகளில் இருந்த மண்ணைக் குத்தி எடுத்திருந்தேன். மூன்றாவது குழியில் மண் கல்லாக இருந்தது. ஊசி வளைந்தது. விட்டுவிட்டேன்.

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன. பெயர், பாறை அடுக்கு, இடம், கண்டெடுத்தவர், ஆண்டு. இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். விட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஃபீல்டுக்குப் போன மாணவன் இடம் குறிக்காமல் எப்படி எடுத்தாய் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், திருடினேன் என்பது.

அறியாமையில் எழுதினேன் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. மலேரி அடுக்கு ஒரே காலத்தது அல்ல, கீழ்ப்பகுதியிலும் மேல்பகுதியிலும் இருக்கும் விலங்குகள் வேறு வேறு என்று குட்டியும் சென்குப்தாவும் 1989இல் எழுதிய கட்டுரையை அதற்குள் படித்திருந்தேன். கீழ் மலேரியில் பாராசூக்கஸும் ரிங்கோசாரும் உண்டு. மேல் மலேரியில் ரிங்கோசார் இல்லை. அங்கே கிடைக்கும் ஃபைட்டோசாரும் பாராசூக்கஸ் அல்ல, அதைவிடப் பிந்திய வகை. இரண்டுக்கும் இடையில் லட்சக்கணக்கான ஆண்டுகள். என் கையிலிருந்த துண்டில் மூக்குத்துளைப் பகுதி இல்லை. ஆகவே அது எது என்று எலும்பால் சொல்ல முடியாது. ஓடை மட்டுமே சொல்லியிருக்க முடியும். அந்த ஓடையில் நான் பத்து நிமிடம் நின்று சுற்றிலும் பார்த்திருந்தால் போதும். ரிங்கோசாரின் பல்தட்டு ஒன்று பக்கத்தில் கிடந்திருந்தால் அது கீழ்மட்டம் என்று தெரிந்திருக்கும். நான் தரையைப் பார்க்கவில்லை. யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாவை எடுத்து எழுதினேன். பெயர்: பாராசூக்கஸ் ஹிஸ்லோபி. பாறை அடுக்கு: கீழ் மலேரி. இடம்: அச்லாபூர் அருகே. அந்த ஊர்ப்பெயரைக் கட்டுரைகளில் படித்திருந்தேன், அவ்வளவுதான். கண்டெடுத்தவர் என்று என் பெயர். ஆண்டு 1986. ஐந்து கட்டங்களில் கடைசி இரண்டு மட்டுமே உண்மை. கீழ் மலேரி என்று எழுதியதற்குக் காரணம், பாராசூக்கஸ் என்ற பேர்போன பெயர் அதற்குத்தான் பொருந்தும் என்பது. முதலில் பெயருக்கு ஆசைப்பட்டேன். பிறகு பெயருக்கு ஏற்ற காலத்தை எழுதினேன். காலத்துக்கு ஏற்ற ஊரை எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். லேபிளும் பார்க்க நன்றாகவே இருந்தது.

2001இல் அந்த மாணவி எம்.ஃபில். சேர்ந்தார். கூர்மையான பெண். கோதாவரிப் பள்ளத்தாக்கு ஊர்வனவற்றின் தாடைகளில் பற்குழிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது அவர் தலைப்பு. எங்கள் அருங்காட்சியகத்தில் இருந்த அசல் துண்டு அது ஒன்றுதான். வெர்னியரை வைத்து ஐந்து குழிகளையும் அளந்தார். ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தார்.

“சார், இதை வச்சு இனம் சொல்ல முடியாது போலிருக்கு. மூக்குத்துளை இருக்கிற பகுதியே இதுல இல்லையே.”

“ம்.”

“எந்த மட்டத்துல கிடைச்சதுன்னு உறுதியாத் தெரிஞ்சா, கீழ் மலேரிதான்னு வச்சு எழுதலாம்.”

“லேபிள்ல இருக்கேம்மா.”

“லேபிள் எழுதினது நீங்கதானே சார். அதனாலதான் உங்ககிட்டயே கேக்கறேன்.”

அந்தப் பெண் எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அறையில் வேறு யாருமில்லை. “தெரியாதும்மா, அதை அடிச்சிடு” என்று மூன்று சொற்கள் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் அதிர்ச்சியடைந்திருப்பார், ஒரு நாள் பேசியிருக்க மாட்டார், அவ்வளவுதான். நான் சொன்னது வேறு.

“உறுதிதான். எழுதிக்கோ.”

1986இல் செய்தது ஆசையில் செய்தது. 1994இல் செய்தது பயத்தில். 2001இல் செய்ததற்கு அந்த இரண்டு பெயரையும் வைக்க என்னால் முடியவில்லை. ஒரு நல்ல ஆய்வாளர் கேட்க வேண்டிய சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டார். அந்த ஆள் அவர் ஆசிரியர். ஆசிரியர் சொன்னால் போதும் என்று நம்பும்படி அவரைப் பழக்கியதும் நானே.

கீழ் மலேரி, பாராசூக்கஸ் என்று அவர் இரண்டு பக்கம் எழுதினார். அதன் கனத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஃபைட்டோசார்கள் மண்ணியலாளர்களுக்கு ஒரு கடிகாரம். டிரையாசிக் காலத்தில் கண்டங்கள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. அதனால் பாராசூக்கஸும் அதன் நெருங்கிய உறவுகளும் கோதாவரியில் மட்டுமல்ல, டெக்சாஸ், வயோமிங், ஜெர்மனி, போலந்து என்று எங்கெங்கோ கிடைக்கின்றன. ஓரிடத்துப் பாறையும் இன்னோரிடத்துப் பாறையும் ஒரே காலத்தவை என்று சொல்ல அந்த விலங்குகளைச் சாட்சிக்கு அழைத்த ஆய்வாளர்கள் உண்டு. எந்த மட்டத்தில் எது கிடைத்தது என்ற பட்டியல்தான் அந்தச் சாட்சியம். பட்டியலில் ஒரு வரி பொய்யானால், அந்த ஒரு வரி எது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அதன் ஆபத்து. முள் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். ஐந்து நிமிடம் தவறாக ஓடும் கடிகாரத்தை எல்லோரும் நம்புவார்கள்.

2021இல் ஓய்வு பெற்றேன். 2023 ஜனவரியில் தனியாக மறுபடி அங்கே போனேன். அதற்குள் அது தெலங்கானா. பழைய அதிலாபாத் மாவட்டம் பல மாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. போகும்போது எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஓடையைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், லேபிளில் ஒரு சிறு திருத்தம் செய்துவிடலாம். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. அறுபது வயதிலும் என் புத்தி அந்த வழியிலேயேதான் போயிற்று.

பருத்திக்காட்டுக்காரர் ஒருவர் இரண்டு நாள் கூட வந்தார். மூன்றாம் நாள் நானே நடந்தேன். 37 மழைக்காலங்கள் அந்தக் களிமண்ணை அறுத்திருந்தன. பழைய ஓடைகள் அகன்று மேடாகியிருந்தன. புதிய ஓடைகள் விழுந்திருந்தன. சில இடங்களில் வயல் ஏறி வந்திருந்தது. ஓரிடத்தில் ஓடை இடதுபக்கம் வளைந்தது. வளைவில் களிமண் சரிந்து கிடந்தது. மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கேதான் என்று மனம் சாட்சி சொல்லத் தொடங்கியது. அன்று வலதுபக்கம் ஒரு மரம் இருந்ததாகக்கூட நினைவு வந்தது. நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்து, ஃபோனில் இடக்குறியீட்டையும் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது. அந்த மரம் நினைவிலிருந்து வரவில்லை. எனக்கு அது தேவைப்பட்டதால் வந்தது. அச்லாபூர் என்று எழுதிய அதே கைதான் இப்போதும் பென்சிலைப் பிடித்திருந்தது. அந்த ஓடையை எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. நான் மட்டும்தான் மறுக்க முடியும். எழுதாமல் நோட்டை மூடினேன். 1986இல் நான் செய்யாமல் விட்டதை எந்தப் பயணத்தாலும் இனிச் செய்ய முடியாது என்பதை அங்கே நின்றுதான் ஏற்றுக்கொண்டேன். எலும்பை வேண்டுமானால் திருப்பிக் கொடுக்கலாம். இடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் உண்மையில் திருடியது அதைத்தான்.

ஊர் திரும்பியதும் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மாணவிக்கு ஃபோன் செய்தேன். அவர் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“அந்த ரெண்டு பக்கத்தை நான் யார் யாருக்கு அனுப்பினேன்னு தெரியுமா சார்?” என்றார்.

தெரியாது என்றேன். ஏழு பேர். பெயர்களை மறுநாள் அனுப்பினார். ஏழு பேருக்கும் நீங்களே எழுதுங்கள் என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்பது அவர் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும் என்று தோன்றியது. ஏழு கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் இதையே, இதைவிடச் சுருக்கமாக எழுதினேன். மூன்று பேர் பதில் எழுதினார்கள்.

ஒரு மாதம் கழித்து மாணவியே அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கேட்டார். “சார், அந்தப் பற்குழியில மண்ணு இன்னும் இருக்கா?”

இரண்டு குழிகளை நான் ஊசியால் சுத்தம் செய்ததைச் சொன்னேன். மூன்றில் இருக்கிறது என்றேன்.

“அதை யாரும் கழுவிடாம பாத்துக்கங்க” என்றார்.

பற்குழி மண்ணுக்கு இந்தக் குலத்தின் கதையில் ஒரு பழைய இடம் உண்டு. 1828இல் ஜெர்மனியில் யேகர் என்ற அறிஞர் ஒரு தாடையைப் பார்த்தார். அதன் குழிகளில் மண் நிறைந்து கல்லாகியிருந்தது. அந்த மண்ணச்சுகளை மழுங்கிய பற்கள் என்று எண்ணி, இது தழை தின்னும் விலங்கு என்று முடிவுசெய்து, ஃபைட்டோசாரஸ், அதாவது தாவரப் பல்லி, என்று பெயர் வைத்தார். இறைச்சி தின்னும் ஒரு குலம் முழுவதும் இன்றுவரை அந்தப் பெயரில்தான் இருக்கிறது. மண்ணைப் பல் என்று நினைத்தது அவர் பிழை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். நான் பார்க்காததை எழுதினேன்.

என் மாணவி சொன்னதன் பொருள் இது: அந்தத் துண்டு எந்த ஓடையில் கிடந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, அந்த மூன்று குழிகளில் இருக்கும் சிட்டிகை மண். இரண்டு மட்டங்களிலும் களிமண் சிவப்புதான். ஆனாலும் என்றாவது ஒருவர், என்னைவிட நல்ல கருவிகளோடும் என்னைவிட நேர்மையான கையோடும் வந்து, அந்த மண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். ஊசி வளைந்ததால் தப்பிய மண் அது. என் நேர்மையால் அல்ல.

போன மாதம் கல்லூரிக்குப் போய்ப் புதிய லேபிளை நானே எழுதி வைத்தேன். பெயர்: ஃபைட்டோசார், இனம் தெரியாது. பாறை அடுக்கு: தெரியாது. இடம்: தெரியாது, கண்டெடுத்தவர் குறிக்கவில்லை. கண்டெடுத்தவர்: என் முழுப் பெயர். ஆண்டு: 1986. அதன் கீழே, மாணவி சொன்னபடி, சிவப்பு மையில் ஒரு வரி: பற்குழிகளில் உள்ள மண்ணை நீக்கக் கூடாது.